பெருஞ்சக்கரமும் பற்சக்கரமும்

விடியற்காலையில் புதுவை நகரின் தெருக்களில் நடந்து செல்வோர் சிறு சுமையுந்துகள் பலவற்றைக் காண்பர். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்திலிருந்து மீனை ஏற்றி வருவன சில. பாகூர்ப் பக்கத்து வயல்களிலிருந்து நெல்லையும் காய்கறியையும் சுமந்து வருவன சில. உருவத்தில் சிறியனவாயினும் பெருஞ்சுமை தாங்குதலின், இவற்றுள் ஒருவகை வண்டியை மக்கள் ‘குட்டி யானை’ என அன்போடு அழைப்பர். 2005 ஆம் ஆண்டில் டாட்டா நிறுவனத்தின் ‘ஏஸ்’ என்னும் வண்டி வெளிவந்த பின்னர் இப்பெயர் தமிழ் வழங்கும் ஊர்களிலெல்லாம் பரவியது. அதனினும் சற்றுப் பெரியவற்றைப் ‘பிக்கப்’ வண்டி என்பர்.

இவ்வண்டிகளை ஓட்டுவோர் சிலருக்கு ஓர் ஆசை உண்டு. வண்டியோடு வந்த டயரைக் கழற்றிவிட்டு, அதனினும் பெரிய டயரைப் பூட்ட வேண்டும் என்பதே அது. வண்டி உயர்ந்து நிற்கும். பார்வைக்கு மிடுக்காக இருக்கும். மழைக்காலத்தில் வயலோரச் சேற்றிலும் சிக்காது செல்லும் என்பது அவர்கள் எண்ணம். “மாட்டு வண்டிச் சக்கரம் எவ்வளவு பெரிது! சக்கரம் பெரிதானால் இழுவை எளிதன்றோ?” என்று அவர்கள் காரணமும் கூறுவர். இக்கூற்று முற்றும் பொய்யன்று, முற்றும் மெய்யுமன்று. எதுவரை மெய், எங்கே பிழைபடுகின்றது என்பதை ஆராய்வோமாயின், சக்கரம் என்னும் பழம்பெருங் கருவியின் இயல்பு நமக்கு நன்கு விளங்கும்.

முதலில் மாட்டு வண்டியை எடுத்துக்கொள்வோம். அதன் சக்கரம் தானாகச் சுழல்வதன்று. மாடு நுகத்தை இழுக்கின்றது. வண்டி முன்னே நகர்கின்றது. நிலத்தோடு பொருந்தியிருப்பதால் சக்கரம் உருள்கின்றது. அவ்வாறு உருளும்போது அதனைத் தடுப்பன இரண்டு. ஒன்று அச்சில் உண்டாகும் உராய்வு. மற்றொன்று பாதையிலுள்ள மேடுபள்ளம். சக்கரம் பெரிதாக ஆக, அச்சின் உராய்வை வெல்லும் நெம்புகோல் நீளுகின்றது. சக்கரத்தின் ஆரம் 75 சென்டிமீட்டரும், அச்சின் ஆரம் 3 சென்டிமீட்டருமாயின், உராய்வின் தடை 25 இல் ஒரு பங்காகவே மாட்டின் தோளுக்குத் தெரியும். சிறு சக்கரம் விழுந்து சிக்கும் பள்ளத்தைப் பெருஞ்சக்கரம் எளிதில் கடந்தும் போகும். ஆகவே, நம் முன்னோர் மாட்டு வண்டிக்குப் பெருஞ்சக்கரம் அமைத்தது அறிவுடைமையே ஆகும்.

பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் புதுவையில் ‘புஷ்-புஷ்’ என்றொரு வண்டி வழங்கிற்று. அதில் அமர்ந்திருப்பவர் ஒரு பிடியைக் கொண்டு முன்சக்கரத்தைத் திருப்புவார். பின்னால் நின்று ஆட்கள் அதனைத் தள்ளிக்கொண்டு ஓடுவர். மாட்டு வண்டி இழுக்கப்படுவது, இது தள்ளப்படுவது. இரண்டிலும் சக்கரம் வெறுமனே உருள்கின்றதேயன்றி வண்டியைச் செலுத்துவதில்லை.

மிதிவண்டியோ இவற்றினும் வேறுபட்டது. சமதரையில் அமைந்த புதுவையின் நேரிய தெருக்களில் மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மாணவர் பலர். மிதிவண்டியை இழுப்பாரும் இல்லை, தள்ளுவாரும் இல்லை. மிதியை அழுத்தப் பற்சக்கரம் சுழல்கின்றது. சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றுகின்றது. பின்சக்கரம் நிலத்தைப் பின்னுக்குத் தள்ள, வண்டி முன்னே செல்கின்றது. இங்கே சக்கரம் உருளுவது மட்டுமன்று; அதுவே வண்டியைச் செலுத்துவதுமாகும். மோட்டார் வண்டியும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. உருளும் சக்கரத்திற்கும் செலுத்தும் சக்கரத்திற்கும் உள்ள இவ்வேறுபாட்டை மறந்தவரே, மாட்டு வண்டியைக் காட்டி மோட்டார் வண்டிக்குப் பெருஞ்சக்கரம் பூட்ட விழைவர்.

மிதிவண்டியின் மிதியோடு கூடிய பெரிய பற்சக்கரத்தில் 44 பற்களும், பின்சக்கரத்திலுள்ள சிறிய பற்சக்கரத்தில் 22 பற்களும் இருப்பதாகக் கொள்வோம். மிதி ஒருமுறை சுற்றினால் பின்சக்கரம் இருமுறை சுற்றும். பின்சக்கரத்தின் விட்டம் 70 சென்டிமீட்டர் எனின், அதன் சுற்றளவு 220 சென்டிமீட்டர். ஆகவே, மிதி ஒரு சுற்றுச் சுற்ற, வண்டி 4 மீட்டர் 40 சென்டிமீட்டர் செல்லும். இனி, 77 சென்டிமீட்டர் விட்டமுள்ள சக்கரத்தைப் பூட்டினால் என்ன நேரும்? சுற்றளவு 242 சென்டிமீட்டராகும். மிதியின் ஒரு சுற்றுக்கு வண்டி 4 மீட்டர் 84 சென்டிமீட்டர் செல்லும். நன்மைதானே என எண்ணத் தோன்றும். ஆனால், ஒவ்வொரு மிதியும் முன்னினும் பத்தில் ஒரு பங்கு கூடுதலாகக் கனக்கும். ஏனெனில், அச்சிலிருந்து நிலம்வரை உள்ள ஆரமும் ஒரு நெம்புகோலே. மாட்டு வண்டியில் அந்நெம்புகோலின் நீளம் மாட்டுக்குத் துணையாக நின்றது. மிதிவண்டியிலோ அதே நீளம் மிதிப்பவனுக்கு எதிராக நிற்கின்றது. அச்சில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கின்றதோ அதனை ஆரத்தால் வகுத்தால் வருவதே நிலத்தைத் தள்ளும் விசை. ஆரம் மிகுந்தால் விசை குறையும்.

விசையைப் பெற விரும்பினால் வேகத்தை இழக்க வேண்டும். வேகத்தைப் பெற விரும்பினால் விசையை இழக்க வேண்டும். இஃது இயற்கை வகுத்த கொடுக்கல் வாங்கல். இரண்டையும் ஒருசேரக் கொடுக்கும் பொறியை எவரும் கண்டதில்லை; காணவும் முடியாது.

இக்கொடுக்கல் வாங்கலை ஓட்டுபவனின் விருப்பப்படி நடத்துவதற்கென்றே மோட்டார் வண்டியில் கியர்ப்பெட்டி அமைந்துள்ளது. எஞ்சின் எல்லா வேகத்திலும் ஒன்றுபோல் உழைப்பதன்று. மிக மெல்லச் சுழன்றால் திணறி நின்றுவிடும். நம் பிக்கப் வண்டியின் சக்கரமும் 70 சென்டிமீட்டர் விட்டமுடையது என்றும், எஞ்சின் நான்கு சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும் என்றும் கொள்வோம். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அவ்வண்டி செல்லும்போது எஞ்சின் நிமிடத்திற்கு 600 சுற்றளவே சுழலும். சுமையோடு செல்லும் வண்டிக்கு இது போதாது. ஆதலின், முதல் கியரில் மேலும் ஒரு நான்கு மடங்கு சேர்க்கப்படுகின்றது. அப்போது எஞ்சின் 2,400 சுற்றுகள் வரை விரைந்து சுழலும். அதன் முறுக்குவிசை பதினாறு மடங்காகப் பெருகிச் சக்கரத்தை அடையும். நின்ற வண்டி நகர்வது இதனாலேயே ஆகும். உராய்வில் சிறிது வீணாவதை இங்கே கணக்கில் கொள்ளவில்லை.

புதுவையை 1954 வரை ஆண்ட பிரெஞ்சு நாட்டாருக்கு இத்துறையில் பெரும்பங்கு உண்டு. பற்சக்கரங்களை நகர்த்தி நகர்த்திப் பொருத்தும் கியர்ப்பெட்டியை 1891 ஆம் ஆண்டளவில் மோட்டார் வண்டியில் அமைத்தவர் எமில் லெவசோர். உயர்ந்த கியரில் எஞ்சினின் சுழற்சி இடையில் பற்சக்கரத்தின் வழியே செல்லாது நேரே பின்னச்சை நோக்கிச் செல்லும் முறைக்கு 1899 இல் காப்புரிமை பெற்றவர் லூயி ரெனோ. காற்றடைத்த டயரை 1888 இல் தம் மகனின் மூன்று சக்கர மிதிவண்டிக்கெனச் செய்து பரப்பியவர் அயர்லாந்தில் வாழ்ந்த டன்லப் என்பவர். அத்தகைய டயரை மோட்டார் வண்டியில் பூட்டி, 1895 இல் பாரிசு நகரிலிருந்து போர்தோ நகருக்குச் சென்று திரும்பும் பந்தயத்தில் ஓட்டிக் காட்டியவர் பிரெஞ்சு நாட்டு மிஷெலின் உடன்பிறப்பினர். வழியெல்லாம் டயர் பலமுறை பழுதுற்றது. ஆயினும், காற்றின் மேல் மோட்டார் வண்டி ஓடும் என்பதை உலகம் கண்டுகொண்டது. இன்று புதுவையிலேயே, நெட்டப்பாக்கம் கொம்யூனைச் சேர்ந்த ஏரிப்பாக்கத்தில், எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் டயர்த் தொழிற்சாலை உள்ளது. 1946 இல் சென்னையில் விளையாட்டுப் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கியதே அந்நிறுவனம் என்பதை அறிந்து வியவாதார் யார்?

கியர்ப்பெட்டியைக் கடந்த பின்னரும் ஒரு பற்சக்கர இணை உண்டு. பின்னச்சின் நடுவே உருண்டு திரண்டு காணப்படும் கூட்டினுள் அது மறைந்திருக்கின்றது. நீண்ட தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரத்தைப் ‘பினியன்’ என்றும், அதனோடு பொருந்திச் சுழலும் பெரிய பற்சக்கரத்தைக் ‘கிரௌன்’ என்றும் பட்டறையில் கூறுவர். பினியனில் 10 பற்களும் கிரௌனில் 40 பற்களும் இருந்தால், நாம் மேலே கொண்ட நான்கு மடங்கு கிடைக்கும். வண்டியை வரைந்த பொறியாளர் எஞ்சினின் வலிமை, வண்டி ஏற்றும் சுமை, டயரின் விட்டம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்து எண்ணியே இவ்விகிதத்தைத் தேர்ந்தெடுக்கின்றார். மூன்றில் ஒன்றை மாற்றினால் கணக்கு முழுவதும் மாறும்.

டயரின் விட்டத்தை அறிவது எளிது. அதன் பக்கவாட்டில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 215/75 ஆர் 15 என ஒரு டயரில் கண்டால், அதன் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. உள்ளேயுள்ள இரும்பு வளையத்தின் விட்டம் 15 அங்குலம். பக்கச் சுவர் மேலும் கீழுமாக இருமுறை வருதலின் 322 மில்லிமீட்டருக்குச் சிறிது மிகும். 15 அங்குலம் என்பது 381 மில்லிமீட்டர். இரண்டையும் கூட்டினால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் ஆகும். ‘ஆர்’ என்னும் எழுத்து, டயரினுள் இழைகள் குறுக்கே ஆரம்போல் பரப்பப்பட்டுள்ளன என்பதைக் குறிக்கும்.

நம் பிக்கப் வண்டியின் 70 சென்டிமீட்டர் டயரைக் கழற்றி, 77 சென்டிமீட்டர் டயரை அதன் உரிமையாளர் பூட்டினார் எனக் கொள்வோம். வண்டி எவ்வளவு உயர்ந்தது? விட்டம் 7 சென்டிமீட்டர் மிகுந்தாலும், அச்சு உயர்வது அதில் பாதியாகிய மூன்றரைச் சென்டிமீட்டரே. இது அவர் பெற்ற ஊதியம். சேற்றில் வண்டியின் பாரம் சற்றுப் பரந்து விழுவதையும் இதனோடு சேர்த்துக்கொள்ளலாம். இனி, இழந்தவற்றை எண்ணுவோம்.

முன்பு நிலத்தை 11 பங்கு விசையோடு தள்ளிய சக்கரம் இப்போது 10 பங்கு விசையோடே தள்ளும். சமதரையில் வெற்று வண்டியாகச் செல்லும்போது இக்குறை தோன்றாது. எஞ்சின் முன்னினும் மெல்லச் சுழல்வதைக் கேட்டு, “எண்ணெய் மிச்சம்” என்று உரிமையாளர் மகிழவும் கூடும். ஆனால், வண்டி நிறையச் சுமை ஏற்றிக்கொண்டு, நகரத்திலிருந்து திண்டிவனம் செல்லும் சாலையில் கோரிமேட்டை நோக்கி ஏறும்போது உண்மை வெளிப்படும். வண்டியும் சுமையும் சேர்ந்து 3,000 கிலோகிராம் எனவும், ஏற்றம் 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் எனவும் வைத்துக்கொண்டால், 150 கிலோகிராம் எடை வண்டியைப் பின்னுக்கு இழுப்பதற்கு ஒப்பாகும். டயர் பெரிதானதால் மலையோ மேடோ தன் இழுப்பைக் குறைத்துக்கொள்வதில்லை. எஞ்சினே பத்தில் ஒரு பங்கு மிகுதியாக உழைக்க வேண்டும். இயலாதபோது ஓட்டுபவர் ஒரு கியர் இறங்குவார். நின்று புறப்படும்போது கிளட்சை நெடுநேரம் தேய்ப்பார். பெரிய டயர் கனமும் மிக்கது. அக்கனமும் அச்சிலிருந்து தொலைவில் அமைந்தது. ஆதலின், அதனைச் சுழற்றத் தொடங்குவதற்கும் மிகுந்த ஆற்றல் செலவாகும். மிச்சமென எண்ணிய எண்ணெய் இவ்வாறெல்லாம் கரைந்துவிடும்.

இரண்டாவது இழப்பு, கண்ணுக்குத் தெரியாதது, ஆதலின் கொடியது. வேகமானி சாலையைக் காண்பதில்லை, சுற்றுகளையே எண்ணுகின்றது. 70 சென்டிமீட்டர் சக்கரம் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 455 முறை சுற்றும். 77 சென்டிமீட்டர் சக்கரம் 413 முறை சுற்றினாலே அத்தொலைவைக் கடந்துவிடும். பழைய கணக்கையே நம்பியிருக்கும் வேகமானி 50 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 55 கிலோமீட்டர் வேகத்தில் சென்றுகொண்டிருக்கும். ஓட்டுபவர் விதியை மீறுகின்றார். மீறுவதை அவரே அறியார்.

மூன்றாவது இழப்பு பிரேக்கைப் பற்றியது. பிரேக்கும் அச்சையொட்டி நின்றே சக்கரத்தைப் பிடிக்கின்றது. ஆரம் நீளும்போது செலுத்தும் விசை குறைவது போலவே, நிறுத்தும் விசையும் குறைகின்றது. பழைய டயரோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற வண்டி, பிரேக்கை அழுத்தியதும் 15 மீட்டர் ஓடி நின்றது எனக் கொள்வோம். நிறுத்தும் தொலைவு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மிகும். 50 எனக் காட்டி 55 இல் ஓடும் வண்டிக்கு அஃது 18 மீட்டருக்கு மேலாகும். அதே அழுத்தத்தில் பிரேக்கின் விசையும் குறைந்திருத்தலின், ஏறத்தாழ 20 மீட்டர் ஆகிவிடும். ஐந்து மீட்டர்தானே என்று கருதலாகாது. பள்ளி விட்ட நேரத்தில் சாலையைக் கடக்கும் சிறுவன் ஒருவனுக்கு அந்த ஐந்து மீட்டர், வீடு திரும்புவதற்கும் திரும்பாமைக்கும் இடையிலுள்ள தொலைவாகும். மூன்றரைச் சென்டிமீட்டர் உயரத்திற்காகக் கொடுக்கத்தக்க விலையா இது?

அவ்வாறாயின் பெருஞ்சக்கரம் எங்கும் ஆகாதோ எனின், அன்று. உழவுப்பொறியாகிய டிராக்டரைப் பாருங்கள். அதன் பின்சக்கரம் ஆளுயரத்தை எட்டுவதும் உண்டு. சேற்று நிலத்தில் புதையாது ஊன்றி நிற்க அப்பெருமை வேண்டும். ஆனால், அதனைப் படைத்தவர் சக்கரத்தை மட்டும் பெரிதாக்கி விட்டுவிடவில்லை, அதற்கேற்ப எஞ்சினின் சுழற்சியைப் பன்மடங்கு தணித்து விசையைப் பெருக்கும் பற்சக்கரங்களையும் வைத்தார், பிரேக்கையும் அச்சையும் அதற்கேற்பவே அமைத்தார், வேகத்தையும் துறந்தார். டிராக்டர் மெல்லச் செல்வது குறையன்று. தன் பெருஞ்சக்கரத்திற்கு அது செலுத்தும் விலை.

பிக்கப் வண்டிக்கும் அவ்வழி உண்டு. 70 க்கு 77 எவ்வாறோ, அவ்வாறே 40 க்கு 44. ஆகவே, கிரௌனில் 44 பற்கள் உள்ள இணையை மாற்றிப் பொருத்தினால், இழந்த விசை மீண்டு வரும். கியர்ப்பெட்டியிலிருந்து சுற்றுகளை எண்ணும் வேகமானியாயின், அதுவும் மெய் கூறத் தொடங்கும். எளிதாக விளங்கவே 10, 40, 44 என்னும் எண்களைக் கொண்டோம். உண்மையில் பொறியாளர் 9 உம் 41 உம் போலப் பொதுவாக வகுபடாத எண்களையே விரும்புவர். அப்போது ஒரு பல் மற்றொரு சக்கரத்தின் எல்லாப் பற்களையும் முறையே சந்திக்கும். தேய்மானம் ஒருசிலவற்றின் மேல் விழாது எல்லாவற்றிற்கும் பகிர்ந்தளிக்கப்படும்.

எனினும், பற்சக்கரத்தை மாற்றுவதால் எல்லாம் சரியாகிவிடும் என எண்ணலாகாது. பிரேக் சக்கரத்திலேயே இருத்தலின் அதன் குறை தீராது. பின்னச்சு முன்னினும் மிகுந்த முறுக்கைத் தாங்க நேரும். உயர்ந்த வண்டி வளைவில் எளிதில் சாயும். திருப்பும்போது டயர் மூடுதகட்டில் உரசவும் கூடும். ஒன்றை மாற்ற மற்றொன்றும், அதனை மாற்ற வேறொன்றுமாகக் கணக்கு நீண்டுகொண்டே போகும். இவற்றையெல்லாம் எண்ணியே, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் வண்டியைச் செய்தோர் வகுத்தவற்றினின்றும் மாறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என 1988 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52 ஆம் பிரிவு விதித்துள்ளது.

மாணவ மாணவியரே! திருவள்ளுவர் வண்டியை எடுத்துக்காட்டியிருப்பதை நீவிர் அறிவீர். வினைத்திட்பத்தைக் கூறுமிடத்துப் பெருந்தேரைக் காக்கும் சிறு அச்சாணியைக் காட்டினார். வலியறிதலைக் கூறுமிடத்து, மெல்லிய மயிலிறகாயினும் அளவிறந்து ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். பெரியது என்பதனாலேயே ஒன்று சிறந்ததாகிவிடாது. சிறியது என்பதனாலேயே இகழத்தக்கதும் ஆகாது. பின்னச்சின் கூட்டினுள் எண்ணெயில் மூழ்கி, எவர் கண்ணிலும் படாது கிடக்கும் பினியனின் பத்துப் பற்கள், வெளியே மிடுக்காகச் சுழலும் பெருஞ்சக்கரத்தை ஆளுகின்றன. இனிச் சாலையோரம் உயர்ந்த சக்கரங்களோடு ஒரு வண்டி நிற்கக் கண்டால், அதன் தோற்றத்தை மட்டும் கண்டு வியந்து நில்லாதீர். “இதற்கேற்ற பற்சக்கரம் உள்ளே உண்டா? இதனை நிறுத்தவல்ல பிரேக் உண்டா?” என்று கேளுங்கள். அவ்வினா ஓர் உயிரைக் காத்தாலும் காக்கும்.